முகத்துக்கு ஊசி போட யாரிடம் போவது? மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொடொக்ஸ், ஃபில்லர், வெள்ளையாகும் ஊசி பற்றிக் காத்தான்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் வருகிற கேள்விகள் அநேகமாக விலையில்தான் தொடங்குகின்றன. எவ்வளவு எடுப்பாங்க, எங்கே மலிவு, எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்பார்கள். இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஊசி போடுகிறவர் நாளைக்குக் காலையில் எங்கே இருப்பார்? ஏதும் பிழைத்தால் அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரியுமா, அதற்கான மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா? கீழே உள்ள பதில்களை இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எந்த ஊசிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

முக்கியமாக மூன்று. முதலாவது பொடொக்ஸ். பொட்டுலினம் என்ற பக்டீரியா உண்டாக்கும் நச்சை மிக மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்துவார்கள். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தி தடைப்பட்டுத் தசை தளரும், சுருக்கம் குறையும். சில நாட்களில் வேலைசெய்யத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலனும் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் போய்விடும்.

இரண்டாவது ஃபில்லர். உதடு, கன்னம், மூக்கு, கண்ணுக்குக் கீழ்ப் பள்ளம் போன்ற இடங்களை நிரப்பும் ஜெல். பெரும்பாலும் ஹயலூரோனிக் அமிலத்தில் செய்யப்படுவது. போடும் இடத்தையும் ஜெல்லின் வகையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும்.

மூன்றாவது, நம் பக்கத்தில் ஆகக் கூடுதலாகக் கேட்கப்படுவது: குளுட்டத்தயோன். வெள்ளையாகும் ஊசி, டிரிப் என்று சொல்கிறார்களே, அதுதான். அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

இந்த ஊசிகளை யார் போடலாம்?

இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற, இதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்த வைத்தியர். தோல் நோய் நிபுணர் அல்லது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் என்றால் இன்னும் நல்லது. நம் நாட்டில் தோல் நோய் நிபுணராவதற்கு எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. படித்து, பயிற்சி முடித்து, நிபுணர் என்ற சான்று பெற வேண்டும். பல வருடப் படிப்பு அது. ‘தோல் டொக்டர்’ என்று பெயர்ப்பலகை போட்டிருக்கிற எல்லாரும் அந்தப் படிப்புப் படித்தவர்கள் அல்லர்.

தாதி ஒருவர் ஊசி போடலாமா என்றும் கேட்கிறார்கள். வைத்தியர் முதலில் உங்களைப் பார்த்து, என்ன மருந்து, எங்கே, எவ்வளவு என்று தீர்மானித்து, போடும் நேரத்தில் அதே கட்டடத்தில் இருந்தால் அது வேறு விடயம். ‘டொக்டர் போனில இருக்கார், மிஸ்ஸி போடுவா’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு இருக்கா என்று நாங்க எப்படிப் பார்க்கிறது?

மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரையோ பதிவு இலக்கத்தையோ போட்டுத் தேடலாம். முழுப் பெயரையும் பதிவு இலக்கத்தையும் வைத்தியரிடமே கேளுங்கள். பதிவுள்ளவர் இதைக் கேட்டதற்காகக் கோபப்படமாட்டார். அவருடைய மருந்துத் துண்டிலும் இறப்பர் முத்திரையிலும் அந்த இலக்கம் வழமையாகவே இருக்கும்.

பதிவில் இருக்கும் பெயரும் உங்கள் முன்னால் இருக்கும் ஆளும் ஒருவர்தானா என்பதையும் பாருங்கள். வேறொரு வைத்தியரின் பெயரைக் கிளினிக் பலகையில் போட்டுவிட்டு, உள்ளே இன்னொருவர் ஊசி போடும் இடங்கள் உண்டு.

அடுத்தது இடம். தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையில் பதிவுசெய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் பார்க்கும் இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா, இந்த ஆண்டுக்குரியதா என்று பாருங்கள். பிரதேச சபையில் எடுத்த வியாபார அனுமதிப்பத்திரம் இதற்கு ஈடாகாது. அதைக் காட்டி ‘நாங்க பதிவுதான்’ என்று சொன்னால் ஏமாற வேண்டாம்.

எங்கட பார்லர் அக்கா கோர்ஸ் முடிச்சிருக்கா, சுவர் நிறையச் சேர்டிபிகட் இருக்கு. அவ போட்டா என்ன?

அந்த அக்கா கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் பார்லர் நடத்தித் தன் குடும்பத்தைத் தானே தாங்கும் எத்தனையோ பெண்களின் உழைப்பை மதிக்கிறோம். புருவம், முடி, மணப்பெண் அலங்காரம், ஃபேஷியல் எல்லாம் அவர்களிடமே செய்யுங்கள். என்.வீ.க்யூ. என்ற தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுத்தவர் என்றால் இன்னும் நல்லது.

ஆனால் அந்தச் சான்றிதழ் தோலுக்கு மேலே செய்யும் வேலைக்கு உரியது. ஊசி தோலுக்குள்ளே போகிறது. அங்கே முகத்தின் நாடிகள், அதாவது குருதி கொண்டுபோகும் குழாய்கள், எந்த ஆழத்தில், எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை உடலைக் கீறிப் படித்தவருக்குத்தான் தெரியும். இரண்டு நாள் பட்டறையிலோ கொழும்பிலும் சென்னையிலும் நடக்கும் வார இறுதி வகுப்பிலோ ஊசி பிடிக்கும் விதத்தைப் பழகலாம். நாடி அடைத்துக்கொண்டால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதைப் பழக முடியாது. பதிவில்லாத ஒருவர் மருத்துவத் தொழில் செய்வது இந்த நாட்டில் குற்றம். பிழை நடந்தால் அந்த அக்காவும் பொலிசுக்கும் கோட்டுக்கும் அலைய வேண்டிவரும். உங்களுக்காக மட்டுமல்லாமல் அவருக்காகவும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒருக்கா ஒரு டொக்டர் வாறார். அவரிடம் போகலாமா?

அதிகம் யோசிக்க வேண்டியது இங்கேதான். சனிக்கிழமை ஹோட்டல் அறையிலோ யாருடையவோ வீட்டு ஹோலிலோ வரிசையாக இருபது பேருக்கு ஊசி நடக்கும். பின்னேரம் வாகனம் கிளம்பிவிடும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஞாயிறு காலை உங்கள் மேலுதடு நீலமாக இருக்கிறது. நீங்கள் வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறீர்கள். ‘வீக்கம்தான், ஐஸ் வைங்க’ என்று பதில் வருகிறது. அது வீக்கம் இல்லை என்றால்?

வந்து போகிற வைத்தியர்கள் எல்லாரும் தவறானவர்கள் அல்லர். நம் மாவட்டங்களில் நிபுணர்கள் குறைவு. இதயத்துக்கும் எலும்புக்கும்கூட வெளியூரிலிருந்து வரும் நிபுணர்களைத்தான் சனல் பண்ணிப் பார்க்கிறோம். அவர்கள் வருவது பதிவுபெற்ற வைத்தியசாலைக்கு. அங்கே உங்கள் கோப்பு இருக்கும், இரவுக்கு வைத்தியர் இருப்பார். முகத்து ஊசிக்கும் அதே ஒழுங்கைக் கேளுங்கள். கேள்வி இதுதான்: ‘நீங்கள் போன பிறகு எனக்கு ஏதும் நடந்தால், இந்த ஊரில் என்னைப் பார்க்கப்போவது யார்? அவருக்கு நீங்கள் என்ன போட்டீர்கள் என்று தெரியுமா?’ ஒரு பெயரும் இடமும் பதிலாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். ‘ஒன்றும் நடக்காது’ என்பதுதான் பதில் என்றால், அவர் எவ்வளவு பெரிய படிப்புப் படித்திருந்தாலும் உங்களுக்குப் பொருத்தமானவர் அல்லர்.

ஹோட்டல் அறை, வீட்டு ஹோல், பார்லரின் பின் அறை ஆகியவற்றில் எந்த ஊசியும் வேண்டாம். இதில் விதிவிலக்கு இல்லை.

அப்படி என்னதான் பிழைக்கும்? எல்லாரும் போடுறாங்களே.

பெரும்பாலானோருக்குப் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கொஞ்சம் வீக்கம், கண்டல், சில நாள் வலி அவ்வளவுதான். பொடொக்ஸ் சற்றுத் தள்ளிப் பட்டால் ஒரு கண் இமை தொங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும்.

ஃபில்லரில் வரும் ஆபத்து வேறு வகையானது. ஜெல் தவறிப்போய் நாடிக்குள் நுழைந்தால், அல்லது வெளியே இருந்து நாடியை நெரித்தால், அந்த நாடி குருதி கொடுக்கும் தோல் சாகத் தொடங்கும். முதலில் அந்த இடம் வெளுக்கும். பிறகு வலை விரித்ததுபோல நீலமும் சிவப்பும் கலந்த கோடுகள் தெரியும். வலி கூடும். சிலருக்கு மரத்துப்போவதற்காகப் போட்ட மருந்தின் காரணத்தால் ஆரம்பத்தில் வலியே தெரியாது. விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தால், நல்ல தோலில் இரண்டு மூன்று விநாடிக்குள் நிறம் திரும்பும், அடைபட்ட இடத்தில் தாமதிக்கும். கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் தோல் கறுத்துப் புண்ணாகி வடுவாகும்.

இன்னும் மோசமானது கண். மூக்கு, இரண்டு புருவத்துக்கும் நடு, மூக்கோரம் முதல் வாயோரம் வரை வரும் கோடு ஆகிய இடங்களின் நாடிகள் கண்ணுக்குப் போகும் நாடியோடு தொடர்புள்ளவை. ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டால் கண் குருடாகலாம். அரிதுதான். ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கில் வைத்தியம் தொடங்க வேண்டும், தொடங்கியும் பார்வை திரும்பாதவர்களே அதிகம். ‘மூக்கை நேராக்கும் ஃபில்லர்’ என்று விளம்பரம் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். முதல் தடவை போடுகிறவர் மூக்கில் தொடங்கவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஹயலூரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. பெயர் ஹயலூரோனிடேஸ். ‘அது இங்கே இருக்கா, காட்டுங்க’ என்று கேளுங்கள். ‘தேவைப்பட்டா எடுப்பிப்பம்’ என்று சொல்கிற இடத்தில் ஃபில்லர் போடக்கூடாது. தேனீ, குளவி கொட்டி உடம்பு வீங்கியவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்களுக்கு இந்த மருந்து ஒவ்வாமல் போக இடமுண்டு. சிலிக்கோன் போன்ற நிரந்தர ஜெல்லைக் கரைக்க எந்த மருந்தும் இல்லை. ‘வாழ்நாள் முழுக்க நிற்கும்’ என்பதைச் சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். பல வருடம் கழித்துக் கட்டி கட்டியாக எழும்பினால் வெட்டி எடுப்பதுதான் வழி.

அட்ரினலின் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எந்த மருந்துக்கும் திடீர் ஒவ்வாமை வரலாம், அப்போது உடனே கொடுக்கும் மருந்து அது.

வெள்ளையாகும் ஊசி?

யாரிடம் போடலாம் என்று கேட்கிறீர்கள். யாரிடமும் வேண்டாம்.

குளுட்டத்தயோன் நம் உடம்பிலேயே இருக்கும் ஒரு பொருள். அதை குருதி நாளம் வழியே ஏற்றினால் தோல் நிலையாக வெளுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இந்த ஊசி மிகப் பிரபலமான பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்து நிர்வாகமே, தோல் வெளுப்பதற்காக இதைப் போட வேண்டாம் என்று பகிரங்கமாக எச்சரித்தது. சிறுநீரகம், ஈரல், தைரொயிட் பாதிப்பும், தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமையும் அந்த எச்சரிக்கையில் சொல்லப்பட்டவை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் தோல் வெளுக்கும் எந்த ஊசிக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ஒரு வைத்தியர் இதை ‘முழுப் பாதுகாப்பு’ என்று சொல்லி விற்றால், அவர் மற்ற ஊசிகளைப் பற்றிச் சொல்வதையும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துத்தான் நம்ப வேண்டும். இது நல்லதொரு சோதனை. பொடொக்ஸ் போடப் போனாலும் குளுட்டத்தயோன் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த ஊசியைத் தேடி வருகிறவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் இருப்பது மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்பாகப் படரும். கர்ப்ப காலத்திலும், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையாலும், வெயிலாலும் கூடும். இன்னும் பலருக்கு, பெயரில்லாத ‘மிக்ஸ் கிறீம்’ பூசித் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும் நிலை. அந்தக் கிறீம்களில் ஸ்டெரொயிட் இருக்கும், சிலவற்றில் பாதரசமும் இருக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. அதுவும் இலவசமாக. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் தோல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள்.

நிற மாற்றத்தை மறைக்க அவசரப்படாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மட்டக்களப்பு மாந்தீவில் இருந்த தொழுநோய் வைத்தியசாலையோடு அந்த நோயும் முடிந்துபோனது என்று பலர் நினைக்கிறார்கள். கிழக்கில் இன்னும் புது நோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். வெளிறிய ஒரு படை, அதில் தொடுகை உணர்வு குறைவு என்றால், கிறீமும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், நேரே கிளினிக்குக்குப் போங்கள். நேரத்தோடு பிடித்தால் மாத்திரையிலேயே முழுதாகக் குணமாகும்.

‘கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழிக்கிறார்கள்’ என்று கேள்வியோடு எழுதும் தாய்மார்களே, உங்கள் கவலை எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயது மகளின் சிறுநீரகத்தை அவர்களுடைய விருப்பத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

மருந்து உண்மையானதா, போலியா என்று எப்படித் தெரியும்?

2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபியூலின் ஊசியே தரமற்றது என்று வெளியானதைப் பார்த்த நாடு இது. பேஸ்புக்கில் விற்கிற பொடொக்ஸ் பற்றிக் கேட்கவே தேவையில்லை. 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மனிதருக்குப் போட அனுமதியில்லாத நச்சைப் பொடொக்ஸ் போலப் போட்டதில் நான்கு பேர் உடல் முழுக்கச் செயலிழந்து செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள்.

பெட்டியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், இறக்குமதி செய்தவரின் பெயர் இருக்க வேண்டும். மருந்து தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா என்று கேளுங்கள். ஃபில்லர் பெட்டிக்குள் உரித்து ஒட்டும் சிறு ஸ்டிக்கர் இருக்கும், அதை உங்கள் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பிறகு ஏதும் நடந்தால், என்ன போட்டது என்பதற்கு அந்த ஸ்டிக்கர்தான் சாட்சி. உடைத்த ஊசியில் ‘பாதி உங்களுக்கு, பாதி தங்கச்சிக்கு’ என்று பகிர்வது வேண்டாம். குருதியால் பரவும் நோய்களுக்கு அது கதவைத் திறந்துவிடும்.

குளிர் விடயத்தில் நம் ஊர்க் காலநிலையை மறக்காதீர்கள். பொடொக்ஸ் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. அநேக ஃபில்லர்களின் பெட்டியிலேயே 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். சித்திரை, வைகாசியில் மட்டக்களப்பில் ஓர் அறையின் சூடு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். மருந்து கொழும்பிலிருந்து எப்படி வந்தது, கரண்ட் போனால் குளிர்சாதனப் பெட்டிக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

லண்டனிலிருந்தும் டோஹாவிலிருந்தும் மாமி சூட்கேசில் கொண்டுவந்த ஊசிக்கும் இதே பதில்தான். அது நல்ல கடையில் வாங்கியதாகவே இருக்கலாம். விமானத்திலும் வேனிலும் எத்தனை மணித்தியாலம் சூட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. நல்ல வைத்தியர் அதைக் கையில் எடுக்கவே மாட்டார். நீங்கள் கொண்டுபோகும் மருந்தைப் போடச் சம்மதிக்கிறவரிடம் போகாதீர்கள்.

முதல் தடவை போகும்போது என்ன நடக்க வேண்டும்?

நீங்கள் கேட்பதைவிட அவர் கேட்பதைக் கவனியுங்கள். கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, அஸ்பிரின், வோபரின், குளோப்பிடோகிறல் போன்ற குருதி உறையாத மருந்து எடுக்கிறீர்களா, மயஸ்தீனியா போன்ற தசைச் சோர்வு நோய் உண்டா, காயம் ஆறும்போது தழும்பு தடித்து வளருமா, வாயோரம் கொப்புளம் வருமா, பல்லில் சீழ் இருக்கா, முன்பு எங்காவது ஊசி போட்டீர்களா என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டும். இவற்றைக் கேட்காமலே ஊசியை எடுக்கிறவர் பழகியவராக இருக்கலாம், கவனமானவர் அல்லர். எங்களைப் போன்ற கறுத்த, பொதுநிறத் தோலில் சிறு காயமும் மாதக் கணக்கில் கருமையாக நிற்கும். அதைப் பற்றி அவராகவே சொன்னால் நம்பிக்கை வைக்கலாம்.

பொடொக்ஸ் என்றால் எத்தனை யூனிற் என்று கேளுங்கள். ‘ஒரு ஊசி’ என்பது அளவல்ல. ஒவ்வொரு கம்பனியின் யூனிற்றும் வேறு, ஒன்றை மற்றதோடு நேரே ஒப்பிட முடியாது. உப்பு நீர் கூடுதலாகக் கலந்து மலிவாகக் கொடுப்பது இந்தத் தொழிலில் தெரிந்த ஏமாற்று.

அன்றைக்கே போட வேண்டும் என்று நெருக்கினால், ‘இன்றைக்கு மட்டும் ஓஃபர்’ என்றால், வீட்டுக்கு வந்து யோசியுங்கள். ‘உங்களுக்கு இது தேவையில்லை’ என்று ஒரு வைத்தியர் சொன்னால் அவருடைய பெயரைக் குறித்து வையுங்கள். பிறகு எதற்காவது போவதென்றால் அவரிடமே போகலாம்.

பல் வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர்?

பல் வைத்தியரும் மருத்துவ சபையில் பதிவுள்ளவர், முகத்தின் அமைப்பைப் படித்தவர். ஆனாலும் இந்த ஊசிக்குத் தனிப் பயிற்சி எங்கே எடுத்தார், கரைக்கும் மருந்து வைத்திருக்கிறாரா என்ற அதே கேள்விகள் அவருக்கும் உண்டு. ஆயுர்வேத, ஹோமியோபதி வைத்தியர்களுக்கு இது அவர்களுடைய துறையே அல்ல.

பெண் வைத்தியர்தான் வேண்டும். கிடைக்கவில்லை என்றால்?

கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படத் தேவையில்லை. பெண் என்பதற்காக மட்டும் தகுதியில்லாதவரிடம் போவதுதான் ஆபத்து. பார்லர் பக்கம் பலர் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறோம். ஆண் வைத்தியர் என்றால் அறையில் பெண் தாதி ஒருவரோ, உங்கள் உம்மா, ராத்தா, அக்கா யாரோ கூட இருக்கலாம். மறுக்கும் இடம் நல்ல இடம் அல்ல. உங்கள் முகத்தைப் படம் எடுத்தால், அது கோப்புக்கு மட்டும்தான், பேஸ்புக்குக்கு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஹலாலா?

மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களிடம் சொல்வதற்கான விபரம் இது: இப்போதுள்ள ஹயலூரோனிக் ஃபில்லர்களில் பெரும்பாலானவை பக்டீரியாவை வளர்த்து எடுப்பவை. பொடொக்ஸ் ஊசியில் மனிதக் குருதியிலிருந்து பிரித்த அல்புமின் என்ற புரதம் சிறிதளவு சேர்ந்திருக்கும். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் பதில் தெளிவாகக் கிடைக்கும். நோய்க்காகப் போடுவதா அழகுக்காகவா என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த கிழமை கல்யாணம். இப்போ போட்டா சரிவருமா?

வேண்டாம். பொடொக்ஸ் முழுதாகத் தெரியவே இரண்டு வாரம் ஆகும், ஃபில்லர் கண்டல் போகவும் ஏறத்தாழ அவ்வளவு நாள். ஆகக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் முடித்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் ஊசியைக் கல்யாணத்துக்காகப் போட வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கிறேன். பால் கொடுக்கிறேன்.

இப்போது எதுவும் வேண்டாம். போட்டால் ஒன்றுமில்லை என்று சொல்கிறவரை விட்டு விலகுங்கள்.

ஊசியே இல்லாத பேனா இருக்காமே, நாமே வீட்டில் உதட்டுக்குப் போடலாமா?

காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் அடிக்கும் கருவி அது. ஆழத்தை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் இதைப் பாவிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. வாங்கி வைத்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

என் இரத்தத்தையே எடுத்துப் போடும் பி.ஆர்.பி. பாதுகாப்புத்தானே?

உங்கள் குருதி உங்களுக்கே வந்தால் பாதுகாப்பு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமமில்லாத ஒரு ஸ்பாவில் 2018இல் இதே முகச் சிகிச்சையைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. குழாயில் உங்கள் பெயர் எழுதப்படுவதையும், ஊசி புதுப் பொதியிலிருந்து எடுக்கப்படுவதையும் கண்ணால் பாருங்கள். முடி கொட்டுவதற்காகப் போகும் ஆண்களுக்கும் இதுவே. முதலில் முடி ஏன் கொட்டுகிறது என்று தோல் கிளினிக்கில் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவுக்குப் பி.ஆர்.பி. மருந்தல்ல.

பதினேழு வயது மகள் உதட்டுக்குப் போடக் கேட்கிறாள்.

பதினெட்டுக்கு முன் அழகுக்காக எதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் 2021 முதல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காகப் பொடொக்சும் ஃபில்லரும் போடுவதே சட்டப்படி தடை. திட்டாமல் பேசுங்கள். திட்டினால் தோழியின் வீட்டில் டிக்டொக் பார்த்துப் போட்டுக்கொள்ளும் வயது அது.

வீட்டுக்குத் தெரியாமல் போடலாமா?

உங்கள் முகம், உங்கள் முடிவு. ஆனாலும் ஒரே ஒருவருக்காவது சொல்லுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு கண் மங்கினால் உங்களை வாகனத்தில் ஏற்ற ஒருவர் வேண்டும். மறைத்தவர்கள்தான் ‘காலையில பார்ப்பம்’ என்று காத்திருந்து தோலை இழக்கிறார்கள்.

பிழையாகப் போட்டுவிட்டார்கள். எங்கே முறையிடுவது?

முதலில் வைத்தியம், பிறகுதான் முறைப்பாடு. பதிவுபெற்ற வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபை. இடம் பற்றியது என்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவை, அல்லது உங்கள் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம். மருந்து போலி என்ற சந்தேகம் என்றால் மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. பதிவே இல்லாதவர் என்றால் பொலிஸ். பணம், விளம்பரப் பொய் பற்றியது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. பற்றுச்சீட்டு, ஸ்டிக்கர், வட்ஸ்அப் உரையாடல், நாளுக்கு நாள் எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பற்றுச்சீட்டுத் தராத இடத்தில் பணமே கொடுக்காதீர்கள்.

அவசரம் என்றால் என்ன செய்வது?

கண் மங்கல், கண் வலி, இரட்டையாகத் தெரிதல், தோல் வெளுத்தல் அல்லது வலைபோல் நீலமாதல், கூடிக்கொண்டே போகும் வலி, மூச்சு முட்டல், முகமும் தொண்டையும் வீங்குதல், விழுங்கவோ பேசவோ முடியாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் ஊசி போட்டவருடைய பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். பொடொக்ஸ் போட்டு சில நாட்கள் கழித்து விழுங்குவதில் சிரமம் வந்தாலும் அதேதான்.

1990 அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கண் சம்பந்தப்பட்டது என்றால், அம்புலன்சோ பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டியோ, எது முதலில் கிடைக்கிறதோ அதில் பெரிய வைத்தியசாலை ஒன்றுக்குப் போங்கள். போகும் வழியிலேயே ஊசி போட்டவரைத் தொலைபேசியில் அழைத்து, கரைக்கும் மருந்தோடு அங்கே வரச் சொல்லுங்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வெட்கப்பட்டு ‘பூச்சி கடிச்சது’ என்று சொல்லாதீர்கள். அங்கே இருப்பவர்கள் உங்களைத் தீர்ப்பிட வந்தவர்கள் அல்லர். முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: ‘இத்தனை மணிக்கு முகத்தில் இந்த இடத்தில் ஃபில்லர் போட்டேன், பெயர் இது, ஸ்டிக்கர் இந்தா இருக்கு.’